தினமும் வகுப்புக்கு வருவதா, 75 விழுக்காட்டைக் கணக்கிட்டு வருவதா, வேறு முறைக்கு மாறுவதா?

ஆவணி பிறந்து முகூர்த்த நாட்கள் தொடங்கியதும் துறை அறையின் வாசலில் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்று, "சார், இன்னும் எத்தனை நாள் லீவு போடலாம்?" என்று கேட்பதை, காரைக்குடியை ஒட்டிய கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் நான் ஒவ்வோர் ஆண்டும் பார்த்து வருகிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகள் அல்லர். திருமண வீடுகளில் பந்தி பரிமாறப் போகிறவர்கள், கானாடுகாத்தானில் பழைய வீடுகளைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டுகிறவர்கள், ஆத்தங்குடிக் கல் பட்டறையில் தந்தைக்குத் துணையாக நிற்கிறவர்கள், போட்டித் தேர்வுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கல்லல், புதுவயல், திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறவர்களுக்கு வருவதே ஒரு வேலை. ஆகவே "கட் அடிக்காதே" என்று ஒற்றை வரியில் அறிவுரை சொல்லி அனுப்பிவிடாமல், அவர்கள் முன் உண்மையில் இருக்கும் நான்கு வழிகளையும் எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது தேர்வு எழுதும் தகுதி. தமிழ்நாட்டின் பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். 75 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். 65 முதல் 74 வரை இருந்தால் தக்க காரணம் காட்டி, கண்டோனேஷன் (வருகைக் குறையைப் பொறுத்துத் தேர்வெழுத விடும் அனுமதி) கட்டணம் செலுத்தி எழுதலாம். 50 முதல் 64 வரை உள்ளவர்கள் அந்தப் பருவத்தில் எழுத முடியாது, அடுத்த பருவத் தேர்வோடு சேர்த்தே எழுத வேண்டும். 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். சிறு வேறுபாடுகள் கல்லூரிக்குக் கல்லூரி உண்டு என்பதால், உங்கள் கையேட்டில் அச்சிட்டிருப்பதையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாடம் எவ்வளவு மனத்தில் ஏறுகிறது என்பதும், அதோடு சேர்ந்த, பருவத்தின் நடுவே கல்லூரியே போடும் இன்டர்னல் மதிப்பெண்ணும். மூன்றாவது பணம்: சம்பாதிப்பது மட்டுமல்ல, கைவிட்டுப் போவதும் இதில் சேரும். நான்காவதாக நான் வைப்பதை மாணவர்கள் அநேகமாகக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எதிர்பாராத ஒன்று நேர்ந்தால் தாங்குவதற்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதே அது.

| | தேர்வுத் தகுதி | பாடம், இன்டர்னல் | பணம் | எதிர்பாராதது நேர்ந்தால் |
|---|---|---|---|---|
| தினமும் வருவது | கவலை இல்லை | மிக நன்று | விடுமுறை நாள் வருமானம் மட்டும் | 22 நாள் லீவு கையிருப்பு |
| 75-ஐக் குறிவைப்பது | விளிம்பில் நிற்கும் | தொடர்பு அறும் | ஓரளவு வருமானம், மறைந்த செலவு அதிகம் | ஒன்றும் மிஞ்சாது |
| பாடம் பார்த்து விடுவது | தாள்வாரியாகக் கணக்கிட்டால் ஆபத்து | மாணவரைப் பொறுத்தது | பெரிதாக மாறாது | ஓரளவு இடம் உண்டு |
| ஷிஃப்டு (காலை அல்லது பிற்பகல் வகுப்பு) மாறுவது அல்லது தொலைநிலை | ஷிஃப்டுக்கு அதே விதி. தொலைநிலைக்கு அன்றாட வருகை இல்லை | தன்முயற்சியே துணை | முழுநேர வருமானம் சாத்தியம், சில உதவிகள் போகும் | வேலையும் படிப்பும் மோதாது |

## முதல் வழி: தினமும் வருவது

ஒரு பருவத்துக்கு 90 வேலைநாட்கள் என்று வைத்துக்கொண்டால், 75 விழுக்காடு என்பது 67.5 நாள்; அதாவது 68 நாட்கள் வந்தாக வேண்டும். மீதமுள்ள 22 நாட்களைச் "சலுகை" என்று மாணவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை, அது கையிருப்பு. வீட்டில் ஒரு சாவு, தாத்தாவின் கண் அறுவைச் சிகிச்சை, டெங்குக் காய்ச்சல், தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தால் ஏறத்தாழ ஒரு வாரம் என்று அந்த 22 நாட்களுக்கும் உரிமையாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். எந்தத் தேதியில் வந்து கேட்பார்கள் என்பது மட்டுமே நமக்குத் தெரியாது.

தினமும் வருவதன் பலன் மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல நான் வெளியே உதாரணம் தேடுவதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது கணக்குப் பெட்டியருகே உட்காரும் கடைநிலை உதவியாளாகச் சேர்ந்த சிறுவனுக்கு யாரும் கரும்பலகையில் கணக்கு நடத்தவில்லை. பெட்டியடியில் உட்கார்ந்து, வருகிறவர் என்ன கேட்கிறார், ஏஜெண்டுக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாள் என்ன பதில் சொல்கிறார், கணக்குப் பேரேட்டில் எது எங்கே ஏறுகிறது என்று நாள்தோறும் பார்த்தே அவன் தொழிலைப் படித்தான். பின்னர் அடுத்தாளாகவும் ஏஜெண்டாகவும் உயர்ந்தான். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்த பையனை யாரும் அடுத்தாள் ஆக்கியிருக்க மாட்டார்கள். வகுப்பில் ஆசிரியர் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே வந்து, நடுவில் நின்று, "இங்கேதான் எல்லாரும் தப்புப் பண்ணுவாங்க" என்று சொல்லும் அந்த ஒரு வரி, மறுநாள் வாட்ஸ்அப்பில் வரும் நோட்ஸில் இருக்காது.

இந்த வழிக்கும் மறைந்த செலவு உண்டு. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மாலை ஆறு மணிக்குத் திரும்பும் மாணவிக்கு வீட்டு வேலையும் காத்திருந்தால், அவள் படிப்பது இரவு பத்து மணிக்குப் பிறகுதான். அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பணச் சுமை குறைந்திருக்கிறது, அலைச்சல் அப்படியேதான் இருக்கிறது. பல கல்லூரிகளில் முதல் ஹவருக்கு (பாடவேளைக்கு) தாமதமானால் முற்பகல் முழுவதும் வராததாகவே பதிவாகும். ஒரு டவுன் பஸ் தவறினால் அரை நாள் போய்விடுகிற நிலையில், உடம்பை வருத்தி வந்தவருக்கும் விழுக்காடு குறையத்தான் செய்யும். தொலைவிலிருந்து வருகிறவர்கள் இதைத் தொடக்கத்திலேயே துறைத் தலைவரிடம் எழுத்தில் தெரிவித்து வைப்பது நல்லது.

குடும்பம் ஓரளவு தாங்கும் நிலையில் உள்ளவர்கள், செய்முறை வகுப்புள்ள அறிவியல் மாணவர்கள், கணக்கியல், கணிதம், புள்ளியியல் போல நேற்றைய பாடத்தின் மேல் இன்றைய பாடம் நிற்கும் துறைகளில் படிப்பவர்கள் ஆகியோருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

## இரண்டாம் வழி: 75 விழுக்காட்டைக் குறிவைத்து வருவது

அதிகம் பேர் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான் என்பதால், இதை விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

கல்லல் பக்கத்திலிருந்து வந்த பி.காம். மாணவர் ஒருவர், சட்டைப் பையில் அடங்கும் சிறு நோட்டு ஒன்றை எப்போதும் வைத்திருப்பார். ஒரு நாள் என்னிடம் அதைத் திறந்து காட்டினார். பக்கத்தின் நடுவே கோடு. இடப்பக்கம் முகூர்த்தத் தேதியும், எந்த ஊர்த் திருமணம் என்பதும், அன்று கிடைத்த 500 ரூபாயும். வலப்பக்கம் அதே தேதிக்கு நேரே, மீதமுள்ள லீவு நாட்கள் 22, 21, 20 என்று இறங்கிக்கொண்டே வந்தன. ஆவணி முடியும்போது இடப்பக்கக் கூட்டல் 7,000 ரூபாய், வலப்பக்கத்தில் நின்றது 8. அவ்வளவு ஒழுங்கான கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை, இனி ஒரு நாளும் லீவு போடப் போவதில்லை என்று அவர் சொன்னார். சொன்னது பொய்யில்லை. அந்தப் புரட்டாசியில் அவருக்குக் காய்ச்சல் வந்து 11 நாட்கள் படுத்துவிட்டார்.

90 நாளில் 65 நாள் வருகை, 72.2 விழுக்காடு. மருத்துவச் சான்று கொடுத்து, கண்டோனேஷன் கட்டிவிட்டு, ஹால் டிக்கெட் வாங்கிவிட்டார். அந்த அளவில் கணக்கு நேராயிற்று. நோட்டில் ஏறாத கணக்கு வேறொன்று இருந்தது. காய்ச்சல் நாட்களில் இரண்டாவது இன்டர்னல் தேர்வு போயிற்று. இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75 என்று பிரிந்திருக்கும் தாளில், 25-க்கு 9 வாங்கியவர் செமஸ்டர் தேர்வில் மேடேறி வரவேண்டியிருக்கிறது. அதைவிடப் பெரியது, காஸ்ட் அக்கவுண்டிங் (அடக்கவிலைக் கணக்கியல்) தாளில் மார்ஜினல் காஸ்டிங் என்ற அலகு தொடங்கிய நாளில் அவர் ஒரு திருமண மண்டபத்தில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். விற்பனைத் தொகையிலிருந்து, உற்பத்திக்கு ஏற்ப மாறும் செலவைக் கழித்தால் வருவது கான்ட்ரிப்யூஷன் என்பதை அன்று ஒரே ஒரு முறைதான் நிதானமாக விளக்கினேன். அதற்குப் பிறகு வந்த பிரேக் ஈவன் புள்ளி (லாபமும் நட்டமும் இல்லாத நிலை), லாப விகிதம், எந்தப் பொருளை உற்பத்தி செய்வது என்ற முடிவு எல்லாமே அந்த ஒரு சொல்லின் மேல் ஏறி நின்றவை. இரண்டு வாரம் கழித்து, முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் கேட்டார்: "சார், அந்தக் கான்ட்ரிப்யூஷன் எங்கேருந்து வந்துச்சு?" வருகைப் பதிவேட்டில் அந்த இரண்டு வாரமும் அவர் பெயருக்கு நேரே வந்ததாகவே இருக்கிறது. அந்தத் தாளில் அவருக்கு அரியர் விழுந்தது.

தவறு அவருடையது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் வந்தவரைக் கூப்பிட்டு, விட்டுப் போனதைப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அன்று நான் செய்யவில்லை. இப்போது செய்கிறேன்.

75-ஐக் குறிவைப்பதில் உள்ள இடர் கணக்கில் தெரிவதைவிடக் கடுமையானது. 40 நாட்கள் கடந்த நிலையில் 26 நாள் வந்திருப்பவருக்கு 65 விழுக்காடு இருக்கிறது. கேட்டால், "இன்னும் 50 நாள் இருக்கு சார், ஏத்திடலாம்" என்பார். ஏற்றலாம்தான், ஆனால் அந்த 50 நாளில் 42 நாள் வந்தாக வேண்டும். மிச்சம் 8 நாள். 60 நாட்கள் கடந்த நிலையில் 37 நாள்தான் வந்திருக்கிறார் என்றால், மீதி 30 நாளும் தவறாமல் வந்தாலும் 67-தான் ஆகும். 68-ஐத் தொட வழியே இல்லை. பருவத்தின் நடுவிலேயே கதவு மூடிவிடுகிறது, மூடிய ஓசை மட்டும் ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில்தான் கேட்கிறது.

இதோடு உதவித்தொகையையும் சேர்த்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. படிப்பைத் தொடர்வோருக்கான உதவி அது. பருவத்தையே மறுபடி படிக்க வேண்டிய நிலை வந்தால், அரியர் கட்டணத்தோடு இந்தப் பணத்துக்கும் சிக்கல் வருமா என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

எனினும் இந்த வழி ஒருவருக்குப் பொருந்தும் சூழல் உண்டு. லீவு தேவைப்படும் காலம் குறுகியதாகவும், முடியும் தேதி தெரிந்ததாகவும் இருந்தால் பொருந்தும்: அக்காவின் திருமணம் தையில் முடிந்துவிடும், தந்தையின் கால்முறிவு இரண்டு மாதத்தில் கூடிவிடும், ஒரு போட்டித் தேர்வு குறிப்பிட்ட தேதியில் இருக்கிறது என்பன போல. அப்போதும் 75-ஐ அல்ல, 85-ஐக் குறிவையுங்கள். 13 நாட்களைச் செலவிட்டு 9 நாட்களைத் தொடாமல் வைத்திருந்தால் ஒரு காய்ச்சலைத் தாங்கலாம். வேலைக்குப் போவதானால் ஞாயிறு முகூர்த்தங்களை முதலில் எடுத்துக்கொண்டு, வகுப்பு நாள் முகூர்த்தங்களில் எந்தத் தாளில் புதிய அலகு தொடங்குகிறது என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். இப்படி வந்து கேட்கும் மாணவரை எந்த ஆசிரியரும் கடிந்துகொள்வதில்லை.

## மூன்றாம் வழி: பாடம் பார்த்து விடுவது

"அந்த சார் புத்தகத்தைத்தான் வாசிக்கிறார், அதை வீட்டிலேயே வாசிச்சுக்கலாமே" என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. அப்படிப்பட்ட வகுப்புகள் இருக்கின்றன. நான் மாணவனாக இருந்தபோதும் இருந்தன. என்பிடெல், ஸ்வயம் ஆகிய இணையவழிப் பாடத் தளங்களில் அதே பாடத்துக்கு நல்ல விரிவுரைகள் கிடைக்கும் காலத்தில் இந்தக் கேள்வி நியாயமானதுதான்.

2010-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, பல ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்து, கல்லூரி மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் பள்ளி மதிப்பெண்ணுக்கும் படிக்கும் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பைவிட, வகுப்புக்கு வருவதற்கு உள்ள தொடர்பு வலுவானது என்று கண்டது. அதே ஆய்வு, வருகையைக் கட்டாயமாக்குவதால் சராசரி மதிப்பெண் சிறிதளவே உயர்கிறது என்றும் கண்டது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கருதுகிறேன். வகுப்பில் கிடைப்பதைப் பெற வருகிறவருக்கு வருகை பெரும் பலன் தருகிறது. விழுக்காட்டுக்காக வந்து கடைசி பெஞ்சில் போன் பார்ப்பவருக்கு அவ்வளவாகத் தருவதில்லை.

ஆனால் ஒரு பாடத்தை மட்டும் விடுவதில் உள்ள பொறி பலருக்குத் தெரிவதில்லை. 6 நாளுக்கு ஒரு முறை சுற்றி வரும் கால அட்டவணையான டே ஆர்டரில் ஒரு தாளுக்கு 5 ஹவர் என்றால், 90 நாளில் அந்தத் தாளுக்கு 75 ஹவர் வரும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தாளின் 2 ஹவரை மட்டும் விட்டால், 15 சுற்றில் 30 ஹவர் போய்விடும். மொத்த 450 ஹவரில் பார்த்தால் வருகை 93 விழுக்காடு, யாரும் கேட்கமாட்டார்கள். அந்தத் தாளில் மட்டும் பார்த்தால் 60 விழுக்காடு. தாள்வாரியாக வருகை பார்க்கும் கல்லூரியில் அந்த ஒரு தாளைத் தேர்வில் எழுத முடியாமல் போகும். நாள் முழுவதும் ஒழுங்காக வந்தவர் என்ற எண்ணத்தில் இருப்பவருக்கு இது பேரதிர்ச்சி.

இந்த வழி யாருக்கு என்றால், விட்ட ஹவரில் நூலகத்தில் உட்கார்ந்து அதே அலகைத் தானே படித்து முடித்ததை நோட்டில் காட்டக்கூடிய ஒருசிலருக்கு. கேன்டீனில் முடியும் ஹவர்களுக்கு இந்த நியாயம் பொருந்தாது. பாடம் உண்மையாகவே சரியாக நடக்கவில்லை என்றால், வகுப்புப் பிரதிநிதி மூலம் துறைத் தலைவரிடம் சொல்வது விட்டுப் போவதைவிடப் பயன் தரும். அப்படிச் சொல்லி மாறிய வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

## நான்காம் வழி: ஷிஃப்டு மாறுவது, அல்லது தொலைநிலைக் கல்வி

வேலை வாரம் முழுவதும் தேவைப்படுகிறது, அது எப்போது முடியும் என்றும் தெரியாது என்றால், பெயரை ரோலில் வைத்துக்கொண்டு விழுக்காட்டோடு போராடுவதைவிட முறையை மாற்றுவதே நேர்மையானது. இரண்டு ஷிஃப்டு உள்ள கல்லூரிகளில், சேரும்போதே வேலை நேரத்தைப் பார்த்து ஷிஃப்டைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் மாறுவது காலியிடத்தைப் பொறுத்தது. ஷிஃப்டிலும் வருகை விதி அதேதான்.

காரைக்குடிக்காரர்களுக்குத் தொலைநிலைக் கல்வி வெளியூர்ச் சங்கதி அல்ல. 1985-இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகம் 1992 முதல் அதை நடத்தி வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம், நேரடி வகுப்பில் பெற்ற பட்டத்துக்கு இணையானது என்று அக்குழு 2022-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. "தபால்ல படிச்சதுக்கு மதிப்பில்லை" என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டுத் தயங்க வேண்டியதில்லை. சேருமுன் பாடத்துக்கு அந்த ஆண்டு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் மானியக் குழுவின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

இழப்பவற்றையும் சொல்ல வேண்டும். பொறியியல், மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் படிக்க முடியாது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் தொலைநிலையில் படிப்போருக்கு இல்லை. ஆண்டுக்கு 12,000 ரூபாய் அப்படியே போகும். வளாக வேலைவாய்ப்பு நேர்காணல், என்.எஸ்.எஸ்., விளையாட்டு, நண்பர்கள் ஆகியவையும் போகும். ஏற்கெனவே முடித்த பருவங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்பதைச் மாற்றுச் சான்றிதழ் வாங்குமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளாவிட்டால், முதலாண்டிலிருந்து தொடங்க நேரலாம். எல்லாவற்றையும்விட, கேட்பார் இல்லாத படிப்பு அது. பாடப் புத்தகக் கட்டு பிரிக்கப்படாமலே பரணில் கிடக்கும் வீடுகள் உண்டு.

கண்டனூர்ப் பக்கத்து மாணவி ஒருவர், தந்தை இறந்த பிறகு, ஜவுளிக்கடையில் பில் போடும் முழுநேர வேலை கிடைத்ததும் என்னிடம் வந்தார். இரண்டு பேரும் மேசையில் தாளை விரித்துக் கணக்குப் போட்டோம்: மாதச் சம்பளம், போகப்போகும் 1,000 ரூபாய், தம்பியின் பள்ளிச் செலவு, தேர்வுக் கட்டணம். சம்பளம் இல்லாமல் அந்த வீடு நகராது என்பது தாளின் பாதியிலேயே தெரிந்துவிட்டது. முதலாண்டு முடிந்ததும் தொலைநிலைக்கு மாறினார். கடை வார விடுமுறை நாளில் காலை முழுவதும் பாடம், இரவில் ஒரு மணி நேரம் என்று தானே அட்டவணை போட்டுக்கொண்டார். அவரை இங்கேயே இருக்கச் சொல்லி வற்புறுத்தியிருந்தால், மூன்றாம் பருவத்தில் 50-க்கும் கீழே போய் நின்றிருப்பார்.

## எப்போது முடிவெடுப்பது

பருவத்தின் 40-ஆம் வேலைநாள் என்பது என் பதில். அதற்கு முன் முடிவெடுக்கத் தகவல் போதாது. அதற்குப் பின் கணக்கு கைமீறத் தொடங்கும். அன்று உங்கள் வகுப்புப் பொறுப்பாசிரியரான டியூட்டரிடம் போய் உங்கள் வருகையை நாள்வாரியாகவும் தாள்வாரியாகவும் காட்டச் சொல்லுங்கள். மீதி 50 நாளில் தெரிந்தே போகப்போகும் நாட்களை, அதாவது திருவிழா, திருமணம், தேர்வுகள் ஆகியவற்றை, காலண்டரில் குறியுங்கள். குறித்த பிறகு 9 நாளாவது கையில் நின்றால் இருக்கும் வழியிலேயே தொடருங்கள். நிற்காவிட்டால் அன்றைக்கே, பெற்றோரில் ஒருவரையும் அழைத்துக்கொண்டு துறைக்கு வாருங்கள். 40-ஆம் நாளில் வருகிறவருக்கு எங்களிடம் சொல்வதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன; 85-ஆம் நாளில் வருகிறவருக்குக் கண்டோனேஷன் படிவம் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்க முடிகிறது.